உழவர் கையிலும் நுண்ணோக்கி வேண்டும்

மிளகாய்ச் செடி பூவெடுக்கும் தருவாயில் இலைகள் சுருளத் தொடங்கினால் விவசாயிக்கு உறக்கம் கெடுகிறது. சுருண்ட இலைகள் நாலைந்தைப் பறித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மருந்துக் கடைக்குப் போகிறார். "அண்ணாச்சி, இலை சுருட்டிக்கிட்டு நிக்குது. என்ன மருந்து அடிக்க?" என்று கேட்கிறார். பையிலிருந்து வெளியே எடுப்பதற்குள் இலை வாடி, அதில் இருந்த பூச்சியும் உதிர்ந்து போயிருக்கும். கடைக்காரர் வாடிய இலையைப் பார்த்துத்தானே சொல்ல வேண்டும்? "ரெண்டையும் கலந்து அடிச்சுப் பாருங்க, கேக்கும்" என்கிறார். விளாத்திகுளம், சாத்தூர், முதுகுளத்தூர் பகுதி மிளகாய்க் காடுகளில் மட்டும் நடக்கும் செய்தி அல்ல இது. கத்தரிக்கும் வெண்டைக்கும் தக்காளிக்கும் இதே கதைதான்.

மிளகாயில் இலை சுருள்வதற்கு முக்கியக் காரணங்கள் மூன்று. இலைப்பேன் தாக்கினால் இலையின் ஓரங்கள் மேல்நோக்கி மடிந்து, இலை படகு போலக் குழிந்து நிற்கும். மஞ்சள் சிலந்தி தாக்கினால் ஓரங்கள் கீழ்நோக்கி மடியும். இலைக்காம்பு நீண்டு எலிவால் போலாகும். வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரியால் வருவது மூன்றாவது வகை. இதில் இலைகள் சிறுத்துச் சுருங்கி, செடி குட்டையாகிவிடும். ஒரே வயலில் இம்மூன்றும் கலந்து நிற்பதும் உண்டு. இலைப்பேனுக்குப் பூச்சிக்கொல்லி வேண்டும். சிலந்திக்கு நனையும் கந்தகம் போன்ற சிலந்திக்கொல்லி வேண்டும். நச்சுயிரி புகுந்துவிட்ட செடிக்கோ மருந்தே இல்லை. செடியைப் பிடுங்கி அழித்து, வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்துவதுதான் வழி.

சிலந்தி தாக்கிய வயலில் இலைப்பேன் என்று நினைத்து செயற்கைப் பைரித்ராய்டு மருந்தைத் தெளித்தால் பணம் வீணாவதோடு நிற்பதில்லை. சிலந்தியைத் தின்று வாழும் நன்மை செய்யும் பூச்சிகள் செத்து, சிலந்தி முன்னிலும் பெருகுகிறது. இலை மேலும் சுருள்கிறது. விவசாயி மீண்டும் கடைக்குப் போகிறார்.

இலையைப் பறித்த இடத்திலேயே, அது வாடுமுன், அடிப்புறத்தைப் புரட்டிப் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸில் பார்த்திருந்தால் விடை அங்கேயே கிடைத்திருக்கும். மஞ்சள் சிலந்தி ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் அளவுடையது. வெறும் கண்ணுக்கு அது தூசி. பத்து மடங்கு லென்ஸில் இரண்டு மில்லிமீட்டர் அளவில், மெல்ல நகரும் மங்கலான மஞ்சள் துளியாகத் தெரியும். நாற்பது மடங்கிற்கு மேல் பெரிதாக்கினால் அதன் முட்டையும் தெரியும். நீள்வட்டமான அந்த முட்டையின் மேல் வெண்புள்ளிகள் வரிசை வரிசையாக அமைந்திருக்கும். அதை ஒருமுறை பார்த்தவர் வேறெதனோடும் குழப்பிக்கொள்ள மாட்டார். இலைப்பேன் சற்று நீண்டு, வேகமாக ஓடும். இறகின் ஓரத்தில் மயிரிழைகள் இருக்கும். 2021இல் ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் மிளகாயைப் பெரிதும் பாதித்த கரிய இலைப்பேன், 2015இல் பப்பாளியில்தான் இந்தியாவில் முதன்முதலாகக் காணப்பட்டது. அது பெரும்பாலும் பூவுக்குள் இருக்கும். எனவே இலையை மட்டும் பார்ப்பது போதாது. பூவை வெள்ளைத்தாளின் மேல் தட்டிப் பார்ப்பதும் அவசியம்.

செல்போனில் இலையைப் படம் எடுத்தால் நோயின் பெயரைச் சொல்லும் செயலிகள் இப்போது வந்துள்ளன. அவையும் பார்ப்பது சுருண்ட இலையின் தோற்றத்தைத்தான். அடியில் ஒளிந்திருக்கும் சிலந்தியை அல்ல. கடைக்காரர் கவுண்டரில் நின்று பார்ப்பதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

இணையத்தில் குவிந்து கிடக்கும் பாடம்

கைலென்ஸிலிருந்து நுண்ணோக்கி வரை, பார்க்கும் கலையைக் கற்றுத்தரும் பாடங்கள் இன்று இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு காலத்தில் கல்லூரி ஆய்வுக்கூடத்துக்குள் போகாமல் இவற்றைக் கற்க இயலாது. டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் லேவன்ஹூக் 17ஆம் நூற்றாண்டில் தம் கையாலேயே லென்ஸ் தேய்த்து, நுண்ணுயிர்களை முதன்முதலில் கண்டார். அவர் பல்கலைக்கழகம் போனவர் அல்லர். கண்டதையெல்லாம் லண்டன் ராயல் சங்கத்துக்குக் கடிதம் கடிதமாக எழுதினார். ஆனால் தம்முடைய சிறந்த முறையை மட்டும் எவருக்கும் சொல்லித்தரவில்லை. இன்று நிலைமை தலைகீழாக மாறியிருக்கிறது. சொல்லித்தர ஆயிரம் பேர் காத்திருக்கிறார்கள். கேட்க வேண்டியவர்கள்தாம் போய்ச் சேரவில்லை.

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றி 2015இல் மறைந்த மைக்கேல் டேவிட்சன் என்பவர் 'மாலிக்யூலர் எக்ஸ்பிரஷன்ஸ்' என்ற பெயரில் பெரியதொரு பாடத்தொகுப்பை உருவாக்கினார். மதுபானங்களை உலர்த்தி, அவற்றின் படிகங்களை நுண்ணோக்கியில் வண்ணப்படம் எடுத்து, அப்படங்களைக் கழுத்துப்பட்டைகளில் அச்சிட்டு விற்கக் கொடுத்தவர் அவர். விளையாட்டுப்போக்கான மனிதர் என்றாலும் அவருடைய பாடங்களில் விளையாட்டு இல்லை. திரையில் திருகை நகர்த்தினால் நுண்ணோக்கியின் உள்ளே ஒளி எப்படிப் போகிறது என்று படம் மாறிக் காட்டும். நிகான், ஒலிம்பஸ், சைஸ் போன்ற நுண்ணோக்கி நிறுவனங்களும் இதே வகைப் பாடங்களை இலவசமாக வெளியிட்டுள்ளன. ஐபயாலஜி என்ற அமைப்பு விஞ்ஞானிகளே பேசும் வீடியோப் பாடங்களைத் தருகிறது. பிரிட்டனில் பொழுதுபோக்காக நுண்ணோக்கி பார்ப்பவர்கள் நடத்தும் 'மிக்ஸ்கேப்' என்ற இணைய இதழில், வீட்டு மேசையில் கிடக்கும் பொருள்களைக் கொண்டே ஸ்லைடு தயாரிக்கும் முறைகள் ஏராளமாக உள்ளன. யூடியூபில் 'மைக்ரோப் ஹன்டர்' போன்ற அலைவரிசைகள், எந்த நுண்ணோக்கி வாங்கலாம், எதை வாங்கக்கூடாது என்பதுவரை விளக்குகின்றன.

இத்தனை இருந்தும் சிறு விவசாயிக்கு இவை எட்டாதிருப்பதற்கு மொழி ஒரு காரணம். யூடியூப் தானாகவே தரும் தமிழ் வாசகம் கலைச்சொல் வரும் இடங்களில் தடுமாறுகிறது. ஆனால் மொழியை விடப் பெரிய காரணம், இப்பாடங்கள் மாணவருக்காகவும் பொழுதுபோக்கு அன்பர்களுக்காகவும் எழுதப்பட்டிருப்பதுதான். குளத்து நீரில் நீந்தும் உயிர்கள், பனித்துளியின் படிகம், வண்ணத்துப்பூச்சியின் இறகுச் செதில் ஆகியவை அவர்களுக்கு ஆனந்தம் தரும். விவசாயிக்கோ ஒரே கேள்விதான்: தெளிப்பதா, வேண்டாமா? அந்தக் கேள்விக்கு உதவும் பகுதிகளை மட்டும் பொறுக்கி எடுத்தால், முழுக் குவியலில் நாலைந்து பாடங்களே தேறும். அவற்றைக் கற்க ஒரு பயிர்ப் பருவம் போதுமானது.

மடங்கு அல்ல, ஒளி

விளம்பரத்தைப் பார்த்து வாங்குபவர்கள் முதலில் கேட்பது "எத்தனை மடங்கு காட்டும்?" என்பதே. 1200 மடங்கு என்று அட்டையில் அச்சிட்ட பிளாஸ்டிக் நுண்ணோக்கிகள் சந்தையில் உள்ளன. இணையப் பாடங்கள் எல்லாமே ஒருமுகமாகச் சொல்லும் செய்தி, இந்த எண்ணை நம்பக்கூடாது என்பதாகும். லென்ஸின் பக்கவாட்டில் 0.65 என்பது போன்றதோர் எண் பொறித்திருக்கும். அது ஒளியைச் சேர்க்கும் திறனைக் குறிப்பது. அந்த எண்ணை ஆயிரத்தால் பெருக்கினால் வருவதுதான் பயனுள்ள உச்ச மடங்கு. 0.65 உடைய நாற்பது மடங்கு லென்ஸுக்கு உச்சம் 650. அதற்கு மேல் பெரிதாக்கினால் மங்கலான உருவம் பெரிய மங்கலான உருவமாகிறது, அவ்வளவே. 1873இல் ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் அபே இதற்கான எல்லையை வகுத்தார். சாதாரண ஒளி நுண்ணோக்கி எவ்வளவு விலையுயர்ந்ததானாலும் ஒரு மில்லிமீட்டரில் ஐயாயிரத்தில் ஒரு பங்குக்குக் குறைந்த நுணுக்கத்தைப் பிரித்துக் காட்டாது. இலைச்சுருட்டை நச்சுயிரியின் பருமனோ ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே "நுண்ணோக்கியில் வைரஸைப் பார்த்தேன்" என்று எவரேனும் சொன்னால் அவர் பார்த்தது வேறெதையோதான்.

இரண்டாவது பாடம் ஒளியைக் குறைக்கப் பழகுவது. புதிதாகப் பார்ப்பவர் விளக்கை முழுதும் ஏற்றிவிட்டு, ஒன்றும் தெரியவில்லை என்று எழுந்துவிடுவார். நூற்புழுவும் பூசண இழையும் கண்ணாடி போன்று ஊடுருவித் தெரிபவை. பேரொளியில் கரைந்து போகும். மேடைக்குக் கீழேயுள்ள ஒளிக்குவிப்பானை மேலே ஏற்றி, அதன் இதழ்த் திறப்பைச் சிறிது சிறிதாக மூடினால், வெறும் வெளிச்சமாக இருந்த இடத்தில் புழு துள்ளுவது தெரியும். ஒளியை ஒழுங்கு செய்யும் முறையை 1893இல் ஆகஸ்ட் கோலர் வெளியிட்டார். இன்றும் எல்லா இணையப் பாடங்களும் அவருடைய முறையைச் சொல்லித் தருகின்றன. வீடியோவை ஓடவிட்டு, பக்கத்தில் கருவியை வைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்திச் செய்து பார்க்க வேண்டிய பாடம் இது. ஆங்கிலம் தெரியாவிட்டாலும் கையின் அசைவைப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம்.

அளவெடுப்பது மூன்றாவது. பள்ளிக்கூடத்து அடிக்கோலை லென்ஸுக்குக் கீழே வைத்தாலே வட்டத்தின் அகலம் எத்தனை மில்லிமீட்டர் என்று தெரிந்துவிடும். கண்ணருகு லென்ஸில் 18 என்று எழுதியிருந்தால், பத்து மடங்குப் பொருளருகு லென்ஸில் வட்டம் 1.8 மில்லிமீட்டர். அந்த வட்டத்தின் அகலத்தில் ஒன்பதில் ஒரு பங்கு அளவில் ஓர் உயிர் நகர்ந்தால் அது 0.2 மில்லிமீட்டர், மஞ்சள் சிலந்தியின் அளவோடு ஒத்துப்போகிறது. உருவம் மட்டும் ஏமாற்றலாம். அளவும் சேர்ந்து ஒத்துவந்தால் நம்பிக்கை கூடுகிறது.

கண்டதெல்லாம் காரணம் அல்ல

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். அழுகிய காயைச் சுரண்டிப் பார்த்தால் பூசணம் இருக்கத்தான் செய்யும். அது காயைக் கொன்றதா, செத்த காயில் வந்து குடியேறியதா என்பது ஒரு பார்வையில் தெரிவதில்லை. 1845இல் அயர்லாந்து உருளைக்கிழங்கு வயல்கள் கருகி, தொடர்ந்த பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் மக்கள் மாண்டார்கள். கருகிய இலையில் பூசணத்தைப் பலரும் கண்டனர். அதுவே நோய்க்குக் காரணம் என்று பெர்க்லி என்ற கிறித்தவ மதகுரு 1846இல் எழுதியபோது அறிஞர்களில் பலர் ஏற்கவில்லை; மழையாலும் குளிராலும் கிழங்கு அழுகியது, பூசணம் பிறகு வந்தது என்றனர். பெர்க்லி சொன்னதே சரி. ஆயினும் நலமான செடியில் பூசணத்தை ஏற்றி, நோய் வருவதை டி பாரி காட்டிய 1860களில்தான் அது ஐயமற நிலைபெற்றது. இன்றும் நோயின் ஓரத்திலுள்ள, பாதி பச்சையும் பாதி கருகலுமான பகுதியைத்தான் பார்க்க வேண்டும். முழுதும் மக்கிய பகுதியில் காண்பதை நம்பிப் பூசணக்கொல்லி வாங்குவது ஆபத்து.

நூற்புழு விஷயத்திலும் இதே தவறு நேருகிறது. ஒரு கைப்பிடி மண்ணை மெல்லிய தாளில் வைத்து, தட்டிலுள்ள தண்ணீரில் தாள் நனையும்படி ஒரு நாள் விட்டால், நூற்புழுக்கள் நீரில் இறங்கும். அந்த நீரைப் பார்த்தவர் புழுக்கள் நெளிவதைக் கண்டு மிரண்டு, குருணை மருந்து வாங்க ஓடுகிறார். மண்ணிலுள்ள நூற்புழுக்களில் பெரும்பகுதி பாக்டீரியாவையும் பூசணத்தையும் தின்று வாழ்பவை, பயிரைத் தொடாதவை. பயிரைத் தாக்கும் புழுவின் வாயில் ஊசி போன்ற ஓர் உறுப்பு இருக்கும். நானூறு மடங்கில் புழுவின் தலைப்பக்கத்தைப் பார்த்து அந்த ஊசியைத் தேட வேண்டும். பூசணம் தின்னும் சில புழுக்களுக்கும் ஊசி உண்டு என்பதால், ஊசியைக் கண்டால் வேரையும் பிடுங்கிப் பார்ப்பதே முறை. தக்காளி வேரில் முடிச்சுகள் இருந்தால், முடிச்சைக் கிழித்தால் வெண்ணிறப் பேரிக்காய் வடிவப் பெண்புழு கைலென்ஸிலேயே தெரியும். உளுந்து, பாசிப்பயறு வேரில் இருப்பவை ரைசோபிய முடிச்சுகளா என்று அறிய லென்ஸ்கூட வேண்டாம். விரலால் தட்டினால் உதிர்ந்து, உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அவை நன்மை செய்பவை. நூற்புழு முடிச்சு வேரின் வீக்கமே ஆதலால் உதிராது.

ஜீவாமிர்தத்தையும் உயிர் உரத்தையும் நுண்ணோக்கியில் பார்த்துத் தரம் சொல்லலாம் என்று டாலரில் கட்டணம் வாங்கிக்கொண்டு கற்றுத்தரும் இணைய வகுப்புகளும் உள்ளன. துளி நீரில் புள்ளிகள் துடிப்பதைக் காணும்போது மகிழ்ச்சி வருவது இயல்பே. ஆனால் உயிரற்ற தூசியும் நீரில் நடுங்கிக்கொண்டே இருக்கும். 1827இல் மகரந்தத் துகளைப் பார்த்துக்கொண்டிருந்த ராபர்ட் பிரௌன் இதைக் கவனித்தார். உண்மையாகவே பாக்டீரியாவாக இருந்தாலும் அது அசோஸ்பைரில்லமா வேறொன்றா என்று ஒளி நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்ல இயலாது. ஊடகத் தட்டில் வளர்த்து எண்ணித்தான் அறிய முடியும். இதற்காக விவசாயி பணம் கட்டிப் படிக்க வேண்டியதில்லை.

வேர் உட்பூசணத்தைப் பார்ப்பது வேறு. இதை நேரடியாகவே காண முடியும். வேரை நிறம் நீக்கி, கடையில் விற்கும் பேனா மையையும் வினிகரையும் கொண்டு சாயமேற்றும் எளிய முறை 1998இல் ஆய்விதழில் வெளிவந்தது. இணையத்தில் அதன் செய்முறை கிடைக்கிறது. நிறம் நீக்கப் பயன்படுவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அது தோலையும் கண்ணையும் அரித்துவிடும். வீட்டு அடுக்களையில் செய்யத்தக்கதல்ல.

ஆய்வுக்கூடம் ஊரிலேயே உள்ளது

இத்தகைய வேலைக்கு இடம் எங்கே என்ற கேள்வி எழும். பெரும்பாலான மேல்நிலைப் பள்ளிகளின் உயிரியல் ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கி இருக்கிறது. செய்முறைத் தேர்வு நாட்கள் போக மற்ற நாட்களில் அது உறைக்குள் கிடக்கிறது. பிளஸ் டூ உயிரியல் படிக்கும் பிள்ளைகளோ விவசாயிகளின் பிள்ளைகள்தாம். வெங்காயத் தோலை ஸ்லைடில் வைத்துப் பார்க்கக் கற்றவர்களுக்கு மிளகாய் இலையைப் பார்ப்பது கடினமில்லை. ஆங்கிலப் பாடத்தைப் படித்து அப்பாவுக்குச் சொல்லவும் அவர்களால் இயலும். தலைமையாசிரியரின் அனுமதியோடும் உயிரியல் ஆசிரியரின் மேற்பார்வையோடும் சனிக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் ஆய்வுக்கூடத்தைத் திறந்துவிட்டால், ஊருக்கு ஒரு பயிர் மருத்துவமனை செலவில்லாமல் கிடைக்கும். இதற்கு அரசாணைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்றாலும், கல்வித் துறையும் வேளாண்மைத் துறையும் கலந்து ஒரு சுற்றறிக்கை விட்டால் தலைமையாசிரியர்களுக்குத் துணிவு வரும்.

பள்ளி இல்லாத ஊரில் உற்பத்தியாளர் குழு சேர்ந்து ஒரு மாணவர் நுண்ணோக்கி வாங்கலாம். சில ஆயிரம் ரூபாயில் கிடைப்பதே போதும். தனி விவசாயிக்குச் சில நூறு ரூபாய்க் கைலென்ஸ் போதுமானது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்று ஸ்டான்ஃபோர்டில் பணியாற்றும் மனு பிரகாஷ் குழுவினர் 2014இல் அறிவித்த காகித நுண்ணோக்கி ஃபோல்ட்ஸ்கோப், ஏறத்தாழ 140 மடங்கு காட்டும். சட்டைப் பையில் அடங்கும். செல்போன் கேமராவோடு ஒட்டிப் படமும் எடுக்கலாம். அப்படத்தை மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்துக்கு அனுப்பிக் கேட்பது, வாடிய இலையைக் கடைக்குக் கொண்டுபோவதை விட எவ்வளவோ மேல்.

வேளாண் பல்கலைக்கழகம் பூச்சி, நோய்ச் செய்திகளைத் தன் இணையதளத்தில் தமிழில் தந்துள்ளது. நோயுற்ற இலையின் படம் உண்டு. பரிந்துரைத்த மருந்தும் உண்டு. ஆனால் அந்த இலையை லென்ஸில் வைத்தால் என்ன தெரிய வேண்டும், எது தெரிந்தால் அது வேறு நோய் என்று கையைப் பிடித்துக் காட்டும் தமிழ்ப் பாடங்கள் மிகக் குறைவு. மிளகாய், தக்காளி, தென்னை, நெல், நிலக்கடலை என்று ஐந்து பயிர்களுக்கு, பயிருக்குப் பத்து நிமிடமாக வீடியோ எடுத்தால் முதல் தேவை தீரும். இதற்கு வேண்டிய கருவி எல்லாக் கல்லூரிகளிலும் இருக்கிறது. நுண்ணோக்கியில் பொருத்தும் கேமராவும் இருக்கிறது. ஆராய்ச்சிக் கட்டுரைக்குப் பதவி உயர்வில் மதிப்பெண் கொடுப்பதைப் போலத் தமிழ் வீடியோவுக்கும் கொடுத்தால் ஆண்டுக்குள் நூறு பாடம் வந்துவிடும். கொடுக்காதவரை விஞ்ஞானிகளைக் குறை கூறிப் பயனில்லை.

கருவி வாங்குபவர்கள் ஐப்பசி, கார்த்திகை மழையை நினைவில் வைக்க வேண்டும். ஈரக்காற்றில் லென்ஸின் மேலேயே பூசணம் படர்ந்து, சிலந்தி வலை போலக் கண்ணாடியை அரித்துவிடும். மூடியுள்ள பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, அதன் நிறம் மாறியதும் புதிதாக மாற்ற வேண்டும். லென்ஸை வேட்டி நுனியாலோ துண்டாலோ துடைக்கக்கூடாது, மண்துகள் கீறிவிடும். லென்ஸ் துடைக்கும் தாள் என்று கேட்டால் கேமரா கடைகளில் கிடைக்கும்.